சுமைச் சோதனை

மார்ச் 4

என்னங்க,

போனில் பேசினால் முதல் நிமிடம் நலம் விசாரிக்கிறோம், அடுத்த நிமிடம் சண்டை போடுகிறோம், அப்புறம் யாராவது ஒருவர் வைத்துவிடுகிறோம். அதனால் எழுதுகிறேன். கடிதத்தில் நான் சொல்லி முடிக்கும்வரை நீங்கள் குறுக்கே பேச முடியாது. அந்த மட்டில் நிம்மதி.

ஞாயிற்றுக்கிழமை நடந்ததை நீங்கள் மறந்திருப்பீர்கள், நான் மறக்கவில்லை. டயர் தொழிற்சாலை கேன்டீனுக்குப் பாத்திரம் கழுவப் போனவள் நான். இன்று அங்கே தலைமைச் சமையல்காரி. அந்தச் சந்தோஷத்துக்குத்தான் என்கூட வேலை செய்கிறவர்களை வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டேன். நீங்களும் லீவில் வந்திருந்தீர்கள். எல்லாரும் பார்க்க இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டீர்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. கொஞ்ச நேரத்தில் முகம் வெளுத்துப்போய் எழுந்து உள்ளே போனீர்கள். காய் நறுக்கும் பெண் துண்டு தேடி அந்தக் கதவைத் திறந்தால், என் வீட்டுக்காரர் கட்டிலில் முட்டி போட்டு, தலை கீழே தொங்க, இரண்டு கையையும் தரையில் ஊன்றிக்கொண்டு கிடக்கிறார்.

"அக்கா, அண்ணன் கட்டிலுக்கு அடியில என்ன தேடறாரு?" என்று அவள் கத்தினாள். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வேறு என்ன செய்வது?

அவர்கள் போனபிறகு நான் கேட்டது ஒரே கேள்வி. "ஊரே சாப்பிடுது, உங்களுக்கு மட்டும் என் சாப்பாடு ஏன் வலிக்குது?" அதற்கு நீங்கள் பையை எடுத்துக்கொண்டு, லீவு முடியும் முன்பே கிளம்பிவிட்டீர்கள்.

கல்யாணமான நாளிலிருந்து இதே கதைதான். இரண்டு தடவை ஸ்கேன் எடுத்தாகிவிட்டது. இரண்டு தடவையும் "வயித்துல ஒண்ணுமில்ல, எல்லாம் மனசுதான்" என்று டாக்டர் என்னைப் பார்த்துச் சொன்னார், நான்தான் உங்கள் மனசைக் கெடுத்தவள்போல. அப்படி என்ன இருக்கிறது உங்கள் மனசில்? சொல்லிவிடுங்கள்.

நம் பெண் வாலு உங்களைக் கேட்கிறாள்.

நான்


மார்ச் 8

என் சமையல்காரிக்கு,

திட்டாவது எழுதினாயே, சந்தோஷம். என் மனசில் ஒன்றும் இல்லை. இருந்தால் நீ ஐந்து வருஷம் முன்பே தோண்டி எடுத்திருப்பாய்.

இங்கே நான் நன்றாக இருக்கிறேன். கட்டடம் பதினெட்டாவது மாடிக்கு வந்துவிட்டது, என் கிரேனும் கூடவே வளர்ந்துவிட்டது. காலையில் ஏணி ஏறினால் மாலையில்தான் இறங்குவேன். கீழே எல்லாரும் என்னை "மேல்வீட்டுக்காரர்" என்று கூப்பிடுகிறார்கள். வாடகை இல்லாத வீடு, பக்கத்து வீட்டுச் சண்டை கிடையாது. கண்ணாடிக்கு வெளியே ஒரு காக்கா மட்டும் வந்து முறைத்துவிட்டுப் போகும். கீழே நிற்கும் சிக்னல்காரர் கையைக் காட்டினால் நான் கம்பிக்கட்டைத் தூக்குகிறேன், கையை மூடினால் நிறுத்துகிறேன். அவர் நல்ல மனிதர், பெண்டாட்டிக்குப் பயந்தவர். எங்கள் இரண்டு பேருக்கும் ஒத்துப்போகிறது.

சாப்பாட்டைப் பற்றிக் கவலைப்படாதே. அவசரத்துக்கு அங்கிருந்து இறங்க முடியாது என்பதால் காலையில் ஒரு துண்டு ரொட்டி, மத்தியானம் அவித்த முட்டை, சாயங்காலம் கொஞ்சம் சூப், அவ்வளவுதான். உனக்கு ஒரு நல்ல செய்தி: இங்கே வந்ததிலிருந்து அந்த வலி ஒரு நாளும் வரவில்லை. ஆகவே நீ நிம்மதியாக இரு.

வாலுவிடம் அப்பா மேகத்துக்குப் பக்கத்தில் இருக்கிறேன் என்று சொல்.

மேல்வீட்டுக்காரன்


மார்ச் 12

என்னங்க,

உங்கள் நல்ல செய்தியைப் படித்தேன். திரும்பத் திரும்பப் படித்தேன். என் பக்கத்தில் இருந்தால் வலிக்கிறது, என்னைவிட்டுத் தள்ளிப்போனால் வலிக்கவில்லை. ஸ்கேனில் தெரியாத நோயை நீங்களே கண்டுபிடித்து எழுதிவிட்டீர்கள். அந்த நோய்க்குப் பெயர் பெண்டாட்டி.

நான் அழவில்லை என்று எழுதினால் பொய். நேற்று கேன்டீனில் உப்பை இரண்டு தடவை போட்டுவிட்டேன். முந்நூறு பேர் தண்ணீர் குடித்துக்கொண்டே சாப்பிட்டார்கள். என் வேலையில் இதுவரை அப்படி நடந்ததில்லை.

கம்பெனி வேறு ஊரில் புதுத் தொழிற்சாலை திறக்கிறது. அங்கே கேன்டீன் முழுவதும் என் பொறுப்பு. தங்க வீடு கொடுக்கிறார்கள், பள்ளிக்கூடம் தெருமுனையில் இருக்கிறது. முப்பத்தொன்றாம் தேதிக்குள் சரி என்றோ இல்லை என்றோ சொல்ல வேண்டும். நான் சரி என்று சொன்னால் வாலுவும் நானும் போவோம். நீங்கள் எங்கே வலிக்கவில்லையோ அங்கேயே இருக்கலாம். யாரும் யாரையும் குறை சொல்ல வேண்டாம்.

இதை மிரட்டல் என்று நினைக்காதீர்கள். எனக்கு அலுத்துப்போய்விட்டது. பரிமாறிவிட்டு எதிரே உட்கார்ந்து உங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பது எவ்வளவு பெரிய தண்டனை என்று உங்களுக்குத் தெரியாது.

நான்


மார்ச் 16

கோபக்காரிக்கு,

தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். வயிற்றுவலியைச் சேர்க்க மறந்துவிட்டார்கள். இதை முதலிலேயே முழுசாகச் சொல்லியிருந்தால் இவ்வளவு தூரம் வந்திருக்காது. சொல்ல வெட்கமாக இருந்தது.

இது உன் சாப்பாட்டால் வந்தது இல்லை. எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து இருக்கிறது. விருந்து வீடுகளில் வயிறு நிறையச் சாப்பிட்டால் இடது பக்கம், தொப்புளுக்கு மேலே, யாரோ உள்ளே கையை விட்டுத் துணி பிழிவதுபோல இருக்கும். அம்மா கண்ணேறு என்பாள். அப்பா, "தீனிப்பண்டாரம், அளவா தின்னா என்ன?" என்பார். ஒருநாள் துடித்துக்கொண்டே கட்டிலிலிருந்து தலைகுப்புற விழுந்தேன். விழுந்த இடத்திலேயே வலி பட்டென்று விட்டது. உள்ளே ஏதோ வழுக்கிக்கொண்டு போனதுபோல இருந்தது. அன்றிலிருந்து அதுதான் என் வைத்தியம்.

எங்கேயும் பாதி வயிறுதான் சாப்பிடுவேன். ஹோட்டலில், சைட்டில், சொந்தக்காரர் வீட்டில், எங்கேயும். உன் கையால் சாப்பிடும்போது மட்டும் நிறுத்த முடியவில்லை. நல்ல சாப்பாடு, எதிரே நீ, "இன்னும் கொஞ்சம்" என்று கரண்டியோடு நிற்கிறாய். எப்படி நிறுத்துவது? அதனால்தான் வீட்டில் மட்டும் வலிக்கிறது. இதைப்போய் நீ தலைகீழாகப் புரிந்துகொண்டால் நான் எங்கே போய் முட்டிக்கொள்வது?

முப்பத்தொன்றாம் தேதி என்று நீ எழுதிய வரியைப் படித்துவிட்டு கிரேனில் ஏறினேன். சிக்னல்காரர் கையைக் காட்டியதை அன்றைக்கு இரண்டு தடவை கவனிக்கவே இல்லை. என்னை விட்டுப் போகாதே. நேரில் கேட்க வாய் வராது, அதனால் இங்கேயே கேட்டுக்கொள்கிறேன்.

உன்னுடையவன்


மார்ச் 20

என்னங்க,

உங்கள் கடிதத்தைப் படித்த அன்றே உட்கார்ந்து சமைத்தேன். வறுத்த கோழி, உருளைக்கிழங்கு, அவித்த முட்டை, வாலு சக்கரை தூவிய கேக். உங்கள் சைட்டுக்குக் கம்பி ஏற்றிப்போகும் லாரிக்காரரிடம் நேற்றுக் கொடுத்துவிட்டேன். அப்போது எனக்கு இருந்த மனசு வேறு. இன்று பயந்துபோய் எழுதுகிறேன்.

கேன்டீன் ஆட்களைச் சோதிக்க ஒரு லேடி டாக்டர் வருவார் என்று சொல்லியிருக்கிறேன் அல்லவா? இன்று வந்தார். என் நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோது விளையாட்டாகச் சொன்னேன்: "என் வீட்டுக்காரருக்கு ஒரு விசித்திரமான வியாதி டாக்டர். நான் சமைச்சு வயிறு நிறையச் சாப்பிட்டா வலிக்கும். தலைகீழாத் தொங்கினா போயிடும்." கூட இருந்தவர்கள் சிரித்தார்கள். டாக்டர் என் கையை விட்டுவிட்டு நிமிர்ந்து பார்த்தார்.

"ஸ்கேன் எடுத்தீங்களா?"

"ரெண்டு தடவை. ஒண்ணுமில்லன்னாங்க."

"எடுக்கும்போது வலி இருந்துச்சா?"

எனக்குச் சுருக்கென்றது. வெறும் வயிற்றோடு வரச் சொன்னார்கள், முந்தின நாளிலிருந்தே பட்டினி போட்டுத்தானே உங்களைக் கூட்டிக்கொண்டு போனேன்? நீங்கள் அன்று சிரித்துப் பேசிக்கொண்டே படுத்தீர்கள்.

"அப்ப அந்தப் படத்துல என்ன தெரியும்?" என்றார். வயிற்றுக்குள்ளே சுவர் முழுவதும் மெல்லிய சவ்வு ஒன்று போர்த்தியிருக்குமாம். கருவில் இருக்கும்போது அது ஒட்ட வேண்டிய இடத்தில் சரியாக ஒட்டாமல் போனால், சட்டைக்கு உள்பை வைத்த மாதிரி ஒரு பை பிறவியிலேயே நின்றுவிடுமாம். சிறுகுடல் அதற்குள் போய்ப் போய் வரும். ரொம்ப அபூர்வம், அதுதான் என்று பார்க்காமல் சொல்ல மாட்டேன் என்றார். ஆனால் ஒருநாள் போனது வராமல் மாட்டிக்கொண்டால் உயிருக்கே ஆபத்து என்றும் சொன்னார்.

இனிமேல் வலி வந்தால் தலைகீழாகத் தொங்காதீர்கள். வலியோடு நேராகப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள், வலி இருக்கும்போதே படம் எடுக்கச் சொல்லுங்கள். அதுவரை கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிடுங்கள். நான் அனுப்பியதைச் சிக்னல்காரரோடு பங்கு போட்டுக்கொள்ளுங்கள், சத்தியமாக முழுவதையும் நீங்களே சாப்பிடாதீர்கள். நான் இப்படிக் கெஞ்சும் நாள் வரும் என்று கனவிலும் நினைக்கவில்லை.

உடம்பைப் பற்றிக் கேட்டால் கம்பெனியில் கிரேனிலிருந்து இறக்கிவிடுவார்கள் என்று நீங்கள் யோசிப்பீர்கள், எனக்குத் தெரியும். கீழே நிற்கிறவர்களுக்கும் பெண்டாட்டி பிள்ளை உண்டு. அதையும் யோசியுங்கள்.

நான்


மார்ச் 24, ஆஸ்பத்திரி வாசல் பெஞ்ச்

என் கண்ணுக்கு,

கம்பெனிக்குப் பயந்தது உண்மைதான். வருஷா வருஷம் தகுதிச் சோதனையில், "மயக்கம், வலி ஏதாவது?" என்று கேட்பார்கள். நான் "எதுவும் இல்லை" என்று சொல்லிக் கையெழுத்துப் போடுவேன். ஆனால் நீ கடைசியில் எழுதியது என்னைத் தூங்கவிடவில்லை. ஒரு டன் கம்பி அந்தரத்தில் தொங்கும்போது எனக்கு அந்த வலி வந்தால்?

நேற்று அவசரமில்லாத நேரத்தில் இங்கே வந்து டாக்டரைப் பார்த்தேன். அவர் பழைய படங்களை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "நல்லாத்தானே இருக்கு? வலிச்சா வாங்க" என்றார். வலித்தால் வா என்றால் எப்போது வருவது? சைட்டிலிருந்து இங்கே வர மலைப்பாதையில் மூன்று மணி நேரம் ஆகிறது. வலி அதற்குள் கொன்றும் போடும், விட்டும் போகும்.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. புதுக் கிரேனை நிறுத்தியதும் யாரும் வெறும் கண்ணால் பார்த்துச் சான்றிதழ் கொடுக்க மாட்டார்கள். தூக்க வேண்டியதைவிடக் கூடுதலாக எடை மாட்டி, தரையிலிருந்து கொஞ்சம் தூக்கி, அப்படியே நிறுத்திவைத்துப் பார்ப்பார்கள். எங்கே முனகுகிறது, எங்கே வளைகிறது என்று அப்போதுதான் தெரியும். காலிக் கிரேன் எப்போதும் அழகாகத்தான் நிற்கும். என்னைப் பட்டினி போட்டு இரண்டு தடவை படம் எடுத்தது காலிக் கிரேனுக்குக் கொடுத்த சான்றிதழ்.

அதனால் லீவு சொல்லிவிட்டு, சிக்னல்காரரையும் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறேன். சைட் ஃபிரிட்ஜில் வைத்திருந்த உன் பொட்டலம் மடியில் இருக்கிறது. அவசரப் பிரிவுக் கதவு எதிரே தெரிகிறது. "என்ன மேல்வீட்டுக்காரரே, ஆஸ்பத்திரி வாசல்ல பிக்னிக்கா?" என்கிறார் இவர். விஷயத்தைச் சொன்னதும், "எனக்கு ஒரு முட்டையாவது குடுங்க, வெயிட் குறையும்" என்று கெஞ்சினார். கொடுக்கவில்லை.

உன் சொல்லில் பாதியை மீறுகிறேன், பாதியைக் கேட்கிறேன். முழுவதையும் சாப்பிடப் போகிறேன். வலி வந்தால் தொங்க மாட்டேன், நடந்து உள்ளே போவேன். உன் சாப்பாட்டை வயிறு நிறையச் சாப்பிட வேண்டும் என்ற ஆசையும் இதில் கலந்திருக்கிறது, பொய் சொல்லவில்லை. கோழியின் வாசனை இப்போதே வருகிறது. இந்தக் கடிதத்தை இவரிடம் தபால் பெட்டியில் போடச் சொல்லிவிட்டுப் பொட்டலத்தைப் பிரிக்கிறேன்.

பயமாக இருக்கிறது. முப்பத்தொன்றாம் தேதிக்குள் உனக்கு ஒரு பதில் கொடுக்க வேண்டும் அல்லவா?

உன்னுடையவன்


மார்ச் 27, தீவிர சிகிச்சைப் பிரிவு வாசல்

மடையரே,

மன்னித்துக்கொள்ளுங்கள், இல்லை, மன்னிக்க வேண்டாம். மடையர்தான். தபால் பெட்டியில் போடச் சொன்ன கடிதத்தைச் சிக்னல்காரர் போடவில்லை. போன் செய்து என்னை வரவழைத்து, அழுதுகொண்டே என் கையில் கொடுத்தார். வாலுவை அக்கா வீட்டில் விட்டுவிட்டு நான் இந்த நடைபாதையில் உட்கார்ந்திருக்கிறேன். உள்ளே விட மாட்டேன் என்கிறார்கள். நேற்று கொஞ்ச நேரம் விட்டார்கள். மூக்கில் குழாயோடு தூங்கிக்கொண்டிருந்தீர்கள். கூப்பிட்டேன், உங்களுக்குக் கேட்கவில்லை. விழித்தால் கொடுங்கள் என்று நர்ஸிடம் இதைக் கொடுக்கப்போகிறேன்.

நீங்கள் நினைத்தபடி நடக்கவில்லை. வலி வந்தது, நடந்து போகும் அளவுக்கு வரவில்லை. அந்த மனிதர் உங்களைத் தோளில் போட்டுத் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறார். "தொங்கவிடுங்க, என்னைத் தொங்கவிடாதீங்க" என்று மாற்றி மாற்றி உளறினீர்களாம். வலியோடு எடுத்த படத்தைப் பார்த்த நிமிடமே ஆபரேஷன் தியேட்டருக்குக் கொண்டுபோய்விட்டார்கள்.

அறுவை செய்த டாக்டர் எனக்குக் காகிதத்தில் வரைந்து காட்டினார். லேடி டாக்டர் சொன்னது அப்படியே இருந்தது. இடது பக்கம், சவ்வில் ஒரு பை. இத்தனை வருஷமாகக் கொஞ்சம் கொஞ்சமாகப் போய்வந்த குடல், இந்தத் தடவை பெரும்பகுதி உள்ளே போய், பையின் வாய் இறுகிப்போய்விட்டது. வெளியே எடுத்தபோது கறுத்திருந்ததாம். வெந்நீரில் நனைத்த துணியைப் போர்த்திக் காத்திருந்திருக்கிறார்கள். மெதுவாக நிறம் திரும்பியதாம். ஒரு சாண் அளவு மட்டும் திரும்பவில்லை, அதை வெட்டி எடுத்துவிட்டுச் சேர்த்தார்கள். பையின் வாயைத் தைத்து மூடிவிட்டார்கள். "இப்படி ஒண்ணைப் புத்தகத்துலதான்மா பாத்திருக்கேன்" என்றார்.

அப்புறம் என்னைத் திட்டினார். "வேணும்னே சாப்பிட்டு வந்தாராமே? கொஞ்சம் தாமதமாயிருந்தா என்ன ஆயிருக்கும் தெரியுமா? இதுக்குப் பேரு சோதனையா, தற்கொலையா?" நான் தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். உங்களுக்கு விழ வேண்டிய திட்டு எனக்கு விழுந்தது.

என் சமையலை எடைக்கல்லாக்கிவிட்டீர்கள். நான் ஆசையாகச் சமைத்த கோழி உங்களைச் சாகடிக்கப் பார்த்தது என்று நினைத்தால் எனக்குச் சோறு இறங்கவில்லை. அது மட்டும் இல்லை. கல்யாணம் ஆன நாளிலிருந்து வலியோடு இருந்தவரிடம் நான் என்னென்ன பேசியிருக்கிறேன்! நீங்கள் ஏன் ஒருதடவையாவது பதிலுக்குக் கத்தவில்லை?

ஒன்று முடிவு செய்துவிட்டேன். நீங்களாக வாயைத் திறந்து கேட்கும்வரை இனிமேல் உங்கள் தட்டில் ஒரு பருக்கைகூட வைக்க மாட்டேன். "இன்னும் கொஞ்சம்" என்ற வார்த்தை என் வாயில் வராது. நீங்கள் கேட்காமலே போனாலும் சரி, எதிரே உட்கார்ந்து உங்கள் முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பேன்.

புதுத் தொழிற்சாலைக்காரர்கள் போன் செய்தார்கள். இன்னும் பதில் சொல்லவில்லை. கண்ணைத் திறங்கள், சேர்ந்து சொல்லலாம்.

உங்கள் சமையல்காரி


மார்ச் 29

என் சமையல்காரிக்கு,

படுத்துக்கொண்டே எழுதுகிறேன், எழுத்துக் கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள். நர்ஸ் அட்டையும் பேனாவும் கொடுத்துவிட்டு, "சீக்கிரம், சீக்கிரம்" என்கிறாள்.

இங்கே எல்லாருக்கும் ஒரே கவலை, எனக்குக் காற்றுப் பிரிந்ததா இல்லையா என்று. டாக்டர் கேட்கிறார், நர்ஸ் கேட்கிறாள், தரை துடைக்கும் அம்மாகூடக் கேட்கிறாள். இன்று காலையில் பிரிந்தது. பரீட்சையில் முதலாவது வந்தவனைப்போல என்னைத் தட்டிக்கொடுத்தார்கள். உடனே மூக்குக் குழாயை எடுத்துவிட்டார்கள். குடல் விழித்துக்கொண்டது என்று அர்த்தமாம்.

கிரேன் இனி இல்லை. இவ்வளவு நாள் மறைத்ததைக் கம்பெனியில் நானே சொல்லிவிடுகிறேன், சிக்னல்காரரிடம் சொல்லி அனுப்பியிருக்கிறேன். காக்காவை நினைத்தால்தான் வருத்தமாக இருக்கிறது. புது ஊரில் பாத்திரம் கழுவ ஆள் வேண்டுமா என்று கேட்டுச் சொல். நீ அங்கிருந்துதானே தொடங்கினாய்?

பதிலுக்கு ஏன் கத்தவில்லை என்று கேட்டாய். நீ சொல்வது உண்மையாக இருக்குமோ என்று எனக்கே பயம். எல்லாம் மனசுதான் என்று அத்தனை பேர் சொன்னால் யாருக்குத்தான் சந்தேகம் வராது? இப்போது டாக்டர் தைத்து மூடியதோடு அதுவும் முடிந்தது.

ஒரு விஷயம் சொல்ல வேண்டும். குழாயை எடுத்துக் கொஞ்ச நேரத்தில் வயிற்றில் ஏதோ அசைந்தது. வழக்கம்போலப் பயந்து, கட்டிலின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டேன். வலி வரும் என்று காத்திருந்தேன், வரவில்லை. அது வேறு ஏதோ. இவ்வளவு சாப்பிட்டால் என்ன ஆகும் என்று கணக்குப் போடாமல் இது எனக்கு வந்ததே இல்லை, அதனால் என்னவென்று புரிய நேரமாகிவிட்டது.

எனக்குப் பசிக்கிறது. வாசலில்தானே இருக்கிறாய்?